தொங்கும் சக்கரம்

சங்ககிரியில் நான் வேலை பழகிய, லாரி ஸ்பிரிங் பட்டை அடிக்கும் கமான் பட்டறையில், லாரி வந்து நின்றதும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, "என்னங்க ஏத்தறீங்க, எத்தனை டன்னுங்க?" என்பதுதான். சிமெண்ட் ஏற்றும் வண்டிக்கு ஒரு கணக்கு, கோழித்தீவனம் ஏற்றும் வண்டிக்கு வேறு கணக்கு. பட்டையை உலையில் சிவக்க வைத்து, அடித்து வளைத்து, எண்ணெயில் தோய்த்து எடுப்பதெல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகுதான். பாரத்தைக் குறைத்துச் சொல்லும் ஓனர்களும் உண்டு. "எங்கிட்டப் பொய் சொல்லலாமுங்க, பட்டைகிட்டச் சொல்ல முடியாது" என்பார் மேஸ்திரி.

1999-இல் ஷார்ஜா வந்தேன். இண்டஸ்ட்ரியல் ஏரியா என்று பலகையில் எழுதியிருக்கும். எல்லோர் வாயிலும் அது சனாயாதான். நான் சேர்ந்த கேரேஜ் ஒரு தகரக் கொட்டகை. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது லிஃப்டில் ஏறி நின்றிருந்தது டொயோட்டா லேண்ட் க்ரூசர் 100. அது சந்தைக்கு வந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உள்ளே தோல் இருக்கை, மரப் பளபளப்பு, வீட்டு வரவேற்பறை போல ஏசி. எடை இரண்டு டன்னுக்கு நன்றாக மேலே. பழக்கதோஷத்தில், "இதில் என்ன ஏத்துவாங்க?" என்று கேட்டேன்.

பெரிய மெக்கானிக்கை எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். அவருடைய உருதும் என்னுடைய அரைகுறை இந்தியும் எப்படியோ ஒத்துப்போயின. "ஒரு ஆளு, ஒரு பெட்டி தண்ணி. அவ்வளவுதான் ஏத்துவான்" என்றார். "ஆனா வெள்ளிக்கிழமை ஆனா இதை மணல்ல பறக்க விடுவான்."

பாலைவனம் என்றால் தட்டையான மணல்வெளி என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். மதாம் வழியாக ஹத்தா போகும் சாலையோரம் பிக் ரெட் என்று ஒரு செம்மணல் மேடு இருக்கிறது. சுமார் 100 மீட்டர் உயரம். அதுவே பிள்ளை விளையாட்டு. அபுதாபி எல்லைக்குள், லிவா தாண்டி ரூபல் காலி பாலைவனம் தொடங்கும் இடத்தில் தல் மொரீப் என்று ஒன்று. சுமார் 300 மீட்டர் உயரம், 50 டிகிரி சரிவு என்பார்கள். அதன் அடியில் முதல்முறை நின்று அண்ணாந்து பார்த்தபோது, இதில் ஏறுவதற்காக மனிதன் வண்டி வாங்குகிறானே என்றுதான் தோன்றியது. மேடுகளுக்கு நடுவே ஒட்டகப் புல் முளைத்த திட்டுகள் வரும். புல்லின் வேரைச் சுற்றி மணல் இறுகி, முழங்கால் உயரத்துக்குக் குமிழ் குமிழாக நிற்கும். மேட்டில் ஏறுவதைவிட அந்தக் குமிழ்கள் மேல் ஓடுவதுதான் வண்டியின் அடிப்பாகத்தைக் கொல்லும்.

மணலுக்குப் போகிறவன் முதலில் செய்யவேண்டியது டயரில் காற்றை இறக்குவது. சாலையில் 35 இருக்கிற காற்றை 15-க்குக் கொண்டுவந்தால் டயர் சப்பையாகி, அகலமாகப் பரவி, மணல் மேல் மிதக்கும். காசில்லாத சஸ்பென்ஷன் வேலை அது ஒன்றுதான். அதைச் செய்யாமல் நேராக எங்களிடம் வந்து, "வண்டி புதையுது, உயரத்தைக் கூட்டு" என்பவர்களே அதிகம்.

உயரம்தான் அந்த ஊரில் எல்லோரும் கேட்பது. என் முதல் தப்பும் அதில்தான் நடந்தது.

லேண்ட் க்ரூசர் 100-க்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டோர்ஷன் பார். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மிலிருந்து சேஸிஸை ஒட்டிப் பின்னோக்கிப் போகும் நீண்ட எஃகுத் தண்டு அது. சக்கரம் மேலே ஏறும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும், ஈரத்துணியைப் பிழிவது மாதிரி. முறுக்கு அவிழத் துடிக்கிற துடிப்புதான் வண்டியைத் தாங்குகிறது. தண்டின் பின்முனையில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருகினால் வண்டியின் மூக்கு மேலே எழும். சாமான் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு ஸ்பானர் போதும். உஸ்தாத் ஊருக்குப் போயிருந்த ஒரு மாதத்தில் ஓர் இளைஞன் வந்து, "சதீக், முன்னாடி மூணு இஞ்ச் தூக்கு" என்றான். ஒரு மணி நேரத்தில் தூக்கிக் கொடுத்தேன். பட்டையை அடித்து வளைத்துப் பழகிய எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. பையன் 50 திர்ஹம் தனியாகக் கையில் வைத்தான்.

மூன்றாவது வாரம் அந்த வண்டி ரெக்கவரி லாரியின் மேல் வந்தது. முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்சிலின் வெளி மூட்டில் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் முழுக்க வெளியே தெறித்து, குண்டுகளுக்கு நடுவே மணல் புகுந்து அரைத்திருந்தது. மூக்கு எழுந்தால் டிஃபரன்ஷியலும் கூடவே எழும். சக்கரம் மட்டும் தரையிலேயே இருக்கும். நடுவே உள்ள ஆக்சில் செங்குத்தாகச் சாய்ந்து, மூட்டு நாள் முழுவதும் முழங்காலை மடக்கியபடியே ஓட வேண்டியதாகிவிடும்.

உஸ்தாத் அதற்குள் திரும்பியிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் சொல்லாமல் டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். தரையிலிருந்து அளக்கக்கூடாது, டயரில் காற்று கூடக்குறைய இருந்தால் அளவு பொய்யாகும். பிறகு சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றச் சொன்னார். வண்டி கொஞ்சம் எழுந்ததுமே டயர் தரையை விட்டுவிட்டது. மறுபடி அளந்தார். இரண்டு அளவுக்கும் நடுவே என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. "போல்ட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டு வா" என்றார். கொண்டுவந்து அதே மாதிரி ஏற்றியபோது, வண்டி எழ எழச் சக்கரம் கீழேயே நின்றது. அந்தச் சக்கரத்தைக் காட்டி, "இதை நீ வித்துட்டு, அதை வாங்கியிருக்கே" என்று மூக்கைக் காட்டினார்.

எனக்கு விளங்கிய கணக்கு இதுதான். ஒரு பேச்சுக்கு, சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்தத் தூரம் எட்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக நிற்கும்போது நாலு மேலே போகலாம், நாலு கீழே இறங்கலாம். போல்ட்டைத் திருகி மூக்கை மூன்று அங்குலம் தூக்கினால் அந்த எட்டு ஒன்பதாகிவிடாது. மேலே ஏழு, கீழே ஒன்று. கேரேஜில் கீழே இறங்கும் தூரத்துக்கு டிரூப் என்று பெயர். நான் எனக்குள் தொங்கல் என்று சொல்லிக்கொள்வேன். மணல்மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டியின் உடம்பு மேலே போகும், தரை கீழே போகும். அந்த நேரத்தில் சக்கரம் தரையைத் தேடி இறங்க வேண்டும். தொங்கல் இல்லாத சக்கரம் காற்றில் சும்மா சுற்றும். சாதாரண டிஃபரன்ஷியலின் குணம், எந்தச் சக்கரத்துக்குத் தடையே இல்லையோ அதற்குத்தான் சுழற்சியைக் கொடுக்கும். தரையில் இருக்கிற பங்காளி சக்கரம் சும்மா நிற்கும். வண்டி புதைவது உயரம் குறைந்ததால் அல்ல, இதனால்தான்.

கமான் பட்டறையில் நான் கற்றதெல்லாம் பட்டை எவ்வளவு அமுங்கும் என்பதைப் பற்றி. சக்கரம் எவ்வளவு இறங்கும் என்று சங்ககிரியில் யாரும் கேட்டதில்லை. நம் லாரி பாரத்தோடு போய்ப் பாரத்தோடு வருகிறது, அதற்கு அமுக்கம்தான் வாழ்க்கை.

அந்த நாளுக்குப் பிறகு, முன்பக்கம் தனித்தனிச் சக்கரமாகத் தொங்கும் வண்டிகளுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் நான் தூக்கியதில்லை. அதையும் வெறுமனே தூக்குவதில்லை. மேல் ஆர்ம் மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் பழைய ஆர்மின் பால் ஜாயிண்ட் புதிய சாய்வைத் தாங்காது. டிஃபரன்ஷியலை ஓர் அங்குலம்போலக் கீழே இறக்கிக் கட்டினால் ஆக்சிலின் சாய்வு தணியும். பிறகு காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓட உதவுகிறது. அதே சாய்வுதான் இது. வண்டியைத் தூக்கினால் அந்தச் சாய்வு குறைந்துபோகும். திருப்பத்தில் ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி கள் குடித்தவன் மாதிரி அலையும். ஆகவே தூக்கிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். ஊரில் லாரிக்கு நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்தவன் நான். இங்கே கணினி பச்சை, சிவப்பு காட்டும். பச்சை காட்டினாலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கையை விட்டால்தான் எனக்கு நம்பிக்கை.

டோர்ஷன் பார் பற்றி இன்னொன்று. இடது தண்டும் வலது தண்டும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் ஒரு திசைக்கு முறுக்கிப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். முனையில் எல், ஆர் என்று எழுத்து இருக்கும். எழுத்தைப் பார்க்காமல் மாற்றிப் போட்டால் தண்டு எதிர்த்திசையில் முறுக்கப்பட்டுச் சீக்கிரம் சோர்ந்துபோகும், உடையவும் செய்யும். கழற்றிய தண்டுகளைக் கழுவித் துடைத்து ஒரே இடத்தில் சாய்த்து வைத்த பையன்களை நான் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

இதெல்லாம் சாதாரண லேண்ட் க்ரூசர் கதை. அதே உடம்புக்கு இன்னும் விலையுயர்ந்த சட்டை போட்டது லெக்சஸ் எல்எக்ஸ் 470. என்னை நிஜமாகப் படிக்க வைத்தது அதுதான்.

அந்த வண்டியில் ஏஎச்சி என்று ஓர் ஏற்பாடு. ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் நிறைந்த சிலிண்டர். ஒவ்வொரு சக்கரத்தின் சிலிண்டரும் ஒரு குழாய் வழியாக ஓர் இரும்புக் குண்டோடு சேரும். குண்டுக்குள் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் ஒருபக்கம் எண்ணெய், மறுபக்கம் நைட்ரஜன் வாயு. பள்ளத்தில் சக்கரம் அடிவாங்கும்போது எண்ணெய் போய் வாயுவை அமுக்கும். வாயு பஞ்சு மாதிரி வாங்கிக்கொள்ளும். டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பம்பு ஓடி எண்ணெயைத் தள்ளி வண்டியை உயர்த்தும், இன்னொன்றை அழுத்தினால் இறக்கும். டோர்ஷன் பாரும் பின் சுருள்களும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும், மிச்சத்தை எண்ணெய் தாங்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி.

2009 வாக்கில் அஜ்மானிலிருந்து ஒருவர் எல்எக்ஸ் 470 கொண்டுவந்தார். நடுவயது, அமைதியான மனிதர். அவருக்கு இரண்டு குறை. ஒன்று, மணலில் உயரப் பொத்தானை அழுத்தினால் வண்டி எழுகிறது, ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தானாக இறங்கிவிடுகிறது. மேட்டில் ஏறுகிறவன் 30-க்குள் எப்படிப் போவான்? இரண்டு, வண்டி மாட்டுவண்டி மாதிரி முரடாகிவிட்டது, சின்னக் கல் மேல் ஏறினாலும் முதுகில் அடிக்கிறது. "இந்த எண்ணெய்க் குழாயெல்லாம் தூக்கிப் போட்டுட்டுச் சாதா ஷாக் போட்டுடு" என்றார். உஸ்தாத் அப்போது ஊருக்கே போய்விட்டார். நான்தான் பெரிய ஆள். அப்படிக் கழற்றுவது அப்போது எங்கள் பக்கம் ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. பம்பு, குழாய், குண்டுகள் எல்லாவற்றையும் கழற்றினேன். நல்ல ஷாக் நாலு வாங்கிப் பூட்டினேன். வண்டியைத் தரையில் இறக்கியதும் மூக்கு தொப்பென்று உட்கார்ந்தது.

கொஞ்சம் யோசித்திருந்தால் முன்பே புரிந்திருக்கும். எண்ணெய் ஒரு பங்கைச் சுமக்கும் என்ற கணக்கில் செய்த டோர்ஷன் பார் அது. தனியாளாகச் சுமக்கத் தெம்பில்லாதது. நான் செய்தது, பத்து வருடத்துக்கு முன் செய்த அதே வேலை. போல்ட்டைத் திருகினேன். மூக்கு எழுந்தது, தொங்கல் போனது. பிறகு தடித்த தண்டுகள் தேடி வாங்கிப் போட்டு ஒருவாறு சரிசெய்தேன். பணம் எக்கச்சக்கமாக ஆனது. அவர் எதுவும் பேசாமல் கொடுத்தார்.

கழற்றிப் போட்ட குண்டுகள் மூலையில் கிடந்தன. ஒருநாள் சும்மா இருக்கும்போது ஒன்றை எடுத்து, எண்ணெய் வரும் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன். சவ்வு எதிர்க்கவே இல்லை. கம்பி அடிவரை போனது. நைட்ரஜன் எப்போதோ கசிந்து தீர்ந்திருந்தது. வண்டி முரடானதற்குக் காரணம் அது மட்டுமே. பஞ்சு செத்துப்போன மெத்தையில் படுத்தவர், கட்டில் சரியில்லை என்று வந்தார். நானும் கட்டிலை உடைத்துக் கொடுத்தேன். நாலு குண்டு மாற்றி, எண்ணெய் மாற்றியிருந்தால் வண்டி புதுசாகியிருக்கும். அவருக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், சொல்லவில்லை. சில மாதத்தில் வண்டியை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

குண்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வண்டியை உயரத்தில் நிறுத்தி எண்ணெய்த் தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தாழ்வுக்கு இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். குண்டுகள் நன்றாக இருந்தால் தாழ்வில் நிறைய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். இரண்டு மட்டத்துக்கும் நடுவே தொட்டியில் 14 கோடுகள் வரை வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசம் பாதிக்குக் குறைந்தால் குண்டுகளுக்கு வயதாகிவிட்டது. ஒரு பைசா செலவில்லாத சோதனை. 2009-இல் எனக்கு இது தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஏஎச்சி வண்டியின் விசித்திரம் பிடிபட்டது. அந்த வண்டியில் டோர்ஷன் பார் போல்ட்டைத் திருகினால் உயரம் மாறாது. உயரத்தைத் தீர்மானிப்பது சேஸிஸில் இருக்கும் சென்சார். போல்ட்டைத் திருகினால் தண்டு அதிகம் சுமக்கும், அதற்கேற்ப எண்ணெயின் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். முன்பக்கம் 6.9 மெகாபாஸ்கல் பக்கம் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வயதாகி ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் இது ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைத் திருகி அழுத்தத்தைக் கீழே கொண்டுவந்தால், எதுவுமே மாறாதது போலத் தெரியும், ஆனால் உட்கார்ந்து ஓட்டினால் வண்டி வேறு. ஒரே போல்ட். ஒரு வண்டியில் உயரம், இன்னொரு வண்டியில் பங்கீடு. முன்னதை வைத்துப் பின்னதைப் புரிந்துகொள்ளப் போனவன் தோற்றான்.

ஷாக் அப்சார்பருக்கு வருவோம். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் ஸ்பிரிங்கின் துள்ளலைக் கட்டுகிறது. துள்ளலை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? சூடாகத்தான். ஓமானில் கிராவல் சாலைகள் உண்டு. நெளித்தகடு மாதிரி வரி வரியாக எழும்பியிருக்கும். அதில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கின் உடம்பைத் தொட்டால் கை பொத்துப்போகும். இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருக்கும். விடாமல் குலுக்கினால் எண்ணெய் நுரைத்துவிடும், நுரை எதையும் தடுக்காது. பில்ஸ்டைன் மாதிரியான ஒற்றைக் குழாய் ஷாக்கில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று வாயுவைத் தனியே பிரித்துவைக்கிறது, சூட்டைத் தாங்கும். ஆனால் குழாயில் ஒரு கல் அடித்து நசுக்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வாதி என்கிற வறண்ட ஆற்றுப்படுகைகளின் பாறைக்குப் போகிறவருக்கு ஒன்று, மணலுக்குப் போகிறவருக்கு ஒன்று. இதில் எது உசத்தி என்று சண்டை போடுவோர் பெரும்பாலும் இரண்டிலும் போகாதவர்கள்.

எந்த ஷாக் பூட்டினாலும் அதன் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி அனுப்புவேன். வண்டி அமுங்கும்போது வளையம் மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். திரும்பி வரும்போது வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அவர் வாயால் சொன்னதற்கும் ஓட்டியதற்கும் உள்ள தூரம் தெரியும். "சும்மா மெதுவாத்தான் போனேன்" என்பார். வளையம் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று சின்ன விஷயங்கள். புஷ் மாற்றும்போது போல்ட்டை லிஃப்டில் வைத்து இறுக்கக்கூடாது; நாலு சக்கரமும் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து மூன்றே மாதத்தில் கிழியும். இரண்டாவது, பழைய லேண்ட் க்ரூசர் 80-இல் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். பின்னால் பாரம் எவ்வளவு என்று பார்த்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது அது. பின்பக்கத்தைத் தூக்கினால், வண்டி காலி என்று அது நம்பிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பிக்கு ஒரு பிராக்கெட் வைத்துச் சமன்செய்ய வேண்டும். வருடாந்திரப் பாஸிங் சோதனையில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. மூன்றாவது, சுருளை அமுக்கும் கம்ப்ரஸர். என் இடது புருவத்தின் மேல் உள்ள தழும்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுவேன்.

நிசான் பேட்ரோல் ஆட்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் வளைகுடாவில் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1997-இல் வந்த ஒய் 61 பேட்ரோலுக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், சுருள் ஸ்பிரிங். ஒரு சக்கரம் மேலே போனால் மறுமுனை கீழே அழுத்தப்படும், காவடி மாதிரி. அதைத் தூக்குவதும் சுலபம். காஸ்டரைத் திருப்பிக் கொண்டுவரப் புஷ்களை மாற்றி, பக்கவாட்டுத் தண்டைச் சரிபண்ணினால் போதும். அதன் 4.8 லிட்டர் எஞ்சினில் டர்போ ஏற்றித் தல் மொரீப்பில் ஏறுவது தனி மதம். 2010-இல் ஒய் 62 அபுதாபியில் அறிமுகமானபோது நாலு சக்கரமும் தனித்தனியாகத் தொங்கின. இழவு வீட்டு முகத்தோடு திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் உயர்ரக மாடல்களில் ஸ்டெபிலைசர் பாரே கிடையாது. நாலு ஷாக்குகளும் எண்ணெய்க் குழாய்களால் இணைந்து, திருப்பத்தில் சாயாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டுச் சாதா ஷாக் போடச் சொல்லி வந்தவர்களிடம், "அப்போ சாயாம இருக்கிறதுக்கு ஸ்டெபிலைசர் பாரும் சேர்த்து வாங்கணும்" என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். போனது நல்லது. மணலில் வேகமாகப் போக ஒய் 62 மாதிரி வண்டி இல்லை என்று அவர்களே இரண்டு வருடத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

லேண்ட் க்ரூசர் 200-இல் கேடிஎஸ்எஸ் வந்தது. அங்கே ஸ்டெபிலைசர் பார் உண்டு, ஆனால் அதன் முனையில் எண்ணெய் சிலிண்டர். சாலையில் பிடித்துக்கொள்ளும், குண்டும் குழியுமான இடத்தில் விட்டுக்கொடுக்கும். ஸ்பிரிங் மாற்றும்போது சேஸிஸில் உள்ள இரண்டு வால்வைச் சில சுற்று தளர்த்தி, வண்டி தரையில் நின்ற பின் மறுபடி மூட வேண்டும். மறந்தால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். அப்படிச் சாய்ந்த வண்டிகள் வேறு கேரேஜ்களிலிருந்து எங்களிடம் வரும். வால்வைத் திறந்து மூட ஐந்து நிமிடம். அதற்கு நான் வாங்கிய கூலியை இங்கே சொல்ல மாட்டேன்.

பணக்கார வண்டிகள் எல்லாவற்றிலும் நான் கண்டது, அவற்றின் சொகுசும் மணலோட்டமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதுதான். சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பின் இருக்கையில் தூங்குகிறவருக்கும் சுகம், மேட்டில் ஏறுகிறவருக்கும் சுகம். கடினமாக இருந்தால்தான் ஆஃப்ரோடு என்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ. முன்னால் இரும்பு பம்பரும் வின்சும் ஏற்றி நூறு கிலோ கூட்டியவருக்குக் கடின ஸ்பிரிங் வேண்டும். எதுவும் ஏற்றாமல் தனியாகப் போகிறவருக்கு அதே ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கும். ஆகவே வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, சங்ககிரியில் கேட்டதுதான்.

ஊர் திரும்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கீழக்கரைக்காரர் ஒருவர் வந்தார். துபாயில் கடை, வயது முப்பத்தைந்துக்குள். வண்டி எல்எக்ஸ் 570. "அண்ணே, ஏஎச்சியைக் கழட்டிருங்க. நாலு இஞ்ச் தூக்கணும்" என்றார்.

"என்ன ஏத்துவீங்க பாய்?"

"பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. சனிக்கிழமை மிலீஹா பக்கம் போவோம். எப்பவாச்சும் லிவா."

தொட்டியின் மட்டத்தைப் பார்த்தேன். குண்டுகளுக்கு வயதாகியிருந்தது. கழற்ற வேண்டாம் என்று சொல்லி, இரண்டு மணி நேரம் பேசி, இரண்டு டீ வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தேன். நாலு குண்டும் புதுசு. எண்ணெய் முழுக்க மாற்றினேன். சென்சாரைச் சரிசெய்து ஓர் அங்குலம் மட்டும் உயர்த்தினேன். உயர்த்தியதால் ஏறிய அழுத்தத்தைக் கீழே கொண்டுவர முன் சுருளுக்கு ஸ்பேசர். 20 அங்குல ரிம்மை மாற்றி 18 போட்டால் டயரின் பக்கச்சதை கூடும், காற்றை இறக்க வசதி என்றேன். "பாக்க நல்லா இருக்காதேண்ணே" என்று அதை மட்டும் மறுத்துவிட்டார்.

விடிகாலையில் இரண்டு பேரும் பிக் ரெட் போனோம். காற்றை இறக்கினோம். மூன்று முறை ஏறி, பக்கச் சரிவில் ஒருமுறை போய், ஒட்டகப் புல்லின் மேல் வேண்டுமென்றே ஓட்டச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை தளர்வதைப் பார்த்தேன். உச்சியில் நிறுத்திவிட்டு, "வண்டி எங்கேயும் அடிக்கவே இல்லையே" என்றார்.

கேரேஜுக்குத் திரும்பி வந்து கழுவி நிறுத்தினோம். அவர் நாலு பக்கமும் சுற்றி வந்தார். தள்ளி நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். பில்லைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அண்ணே, வெளியே இருந்து பார்த்தா ஒண்ணுமே செஞ்ச மாதிரி தெரியலையே?"

"தெரியாதுங்க பாய்."

"சரி... ஒரு ஸ்டிக்கராவது ஒட்டிக் கொடுங்களேன்."

மேசை டிராயரில், எப்போதோ ஷாக் பெட்டியோடு வந்த ஸ்டிக்கர்கள் கிடந்தன. மஞ்சளும் நீலமுமாக இருந்ததில் ஒன்றை எடுத்து, பின் கண்ணாடியைத் துடைத்து, காற்றுக்குமிழ் விழாமல் ஒட்டிக் கொடுத்தேன்.